பொய் பாஸ்

என் வீட்டுக்காரர் எனக்கு விட்டுக்கொடுத்தார். அதற்காக அவர்மேல் இன்னும் கோபமாக இருக்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். "விட்டுக்குடுக்கற புருஷன் அமைய மாட்டானான்னு அவளவ ஏங்கிட்டுக் கெடக்கறா. உனக்கு அது குத்தமாப் போச்சா?" என்று என் சொந்த அக்காவே கேட்டாள். குற்றம்தான். எப்படிக் குற்றமாகும் என்று சொல்வதற்கு முன்னால் டாமினோ ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்யாணமான புதிதில் அவர் மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். அங்கே தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப்பில் சாயங்காலமானால் சூடான்காரர்களும் எகிப்துக்காரர்களும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து டாமினோ ஆடுவார்களாம். இவரும் கற்றுக்கொண்டார். ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் தங்கக்காசும் வாசனை சோப்பும் கொண்டுவந்தார்கள். இவர் அவற்றோடு ஒரு மரப்பெட்டி நிறைய டாமினோக் கட்டைகளும் கொண்டுவந்தார். அப்போது எனக்கு அதிலும் கோபம்தான். ஒரே வாரத்தில் அந்த ஆட்டம் எனக்குப் பிடித்துப்போனது.

மொத்தம் இருபத்தெட்டுக் கட்டைகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு இருக்கும். நடுவில் ஒரு கோடு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் புள்ளிகள். புள்ளியே இல்லாத வெற்றுப் பக்கத்திலிருந்து ஆறு புள்ளி வரைக்கும் உண்டு. எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டுக் கலக்கி, ஆளுக்கு ஏழு எடுத்துக்கொள்வோம். மிச்சம் கவிழ்ந்தபடியே ஓரமாகக் கிடக்கும். எங்கள் வீட்டு ஆட்டத்தில் அதைத் தொடக்கூடாது. ஒருவர் ஒரு கட்டையை வைத்தால், அதன் ஏதாவது ஒரு முனைக்குப் பொருந்துகிற கட்டையை அடுத்தவர் வைக்க வேண்டும். அஞ்சு இருக்கிற இடத்தில் அஞ்சு, ரெண்டு இருக்கிற இடத்தில் ரெண்டு. வரிசை இரண்டு பக்கமும் வளர்ந்துகொண்டே போகும். இரண்டு முனைக்கும் பொருந்துகிற கட்டை கையில் இல்லையென்றால் "பாஸ்" சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் கையைக் காலி செய்கிறவர் ஜெயித்தவர். தோற்றவர் கையில் மிஞ்சிய புள்ளிகள் ஜெயித்தவர் கணக்கில் சேரும். யார் முதலில் நூறைத் தொடுகிறாரோ அவருக்கு ஆட்டம்.

பார்ப்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு எண்ணும் ஏழு கட்டைகளில்தான் வரும். மேஜையில் எத்தனை அஞ்சு விழுந்திருக்கிறது, என் கையில் எத்தனை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஆடினால், எதிராளியின் கையில் என்ன இருக்கும் என்று ஓரளவு பிடித்துவிடலாம். அவர் பாஸ் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. அந்த எண் அவரிடம் இல்லை என்று உறுதியாகிவிடும். அதே எண்ணைத் திரும்பத் திரும்ப முனையில் கொண்டுவந்து நிறுத்தி அவரைத் திணறடிக்கலாம். எல்லாக் கட்டைகளும் மறைவாக இருக்கிற ஆட்டத்தில், எதிராளி தன் வாயால் நமக்குச் சொல்கிற ஒரே சேதி பாஸ். அதில் பொய் சொன்னால் ஆட ஒன்றுமில்லை.

கையில் கட்டையை வைத்துக்கொண்டே பாஸ் சொல்வதை எங்கள் வீட்டில் பொய் பாஸ் என்போம். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நல்ல கட்டையைச் சேமித்து வைப்பதற்காக ஒருமுறை அப்படிச் செய்தாள். அவர் கட்டைகளையெல்லாம் அள்ளிப் பெட்டியில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். குழந்தை அழுதது. "சின்னப்புள்ளதானுங்க, ஒருக்கா ஜெயிக்க விட்டாத்தான் என்ன?" என்று கேட்டேன். "விட்டுக்குடுத்து ஜெயிக்க வெச்சா அவளை நாமளே ஏமாத்தற மாதிரி அம்மணி. ஜெயிக்கோணும்னா ஆடி ஜெயிக்கட்டும்" என்றார்.

அப்படிப்பட்ட மனுஷன். எனக்கு நூற்று இரண்டு டிகிரி காய்ச்சல் இருந்தபோதுகூட என்னைத் தோற்கடித்தவர். ஜெயிக்கிற கட்டையை மஸ்கட் கேம்ப்பில் ஆடுகிறவர்கள் மாதிரி மேஜையில் ஓங்கி அடித்து வைப்பார். கணபதி பகுதியில் நாங்கள் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். கீழ்வீட்டம்மா இரண்டு முறை படியேறி வந்து, "ஏனுங்க, ஊட்டுல ஏதாச்சும் சண்டைங்களா?" என்று விசாரித்திருக்கிறாள். இப்படித்தான் நாங்கள் இத்தனை வருஷமாக ஆடிக்கொண்டிருந்தோம். நான் பம்ப்செட் கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில் வேலை முடித்து வருவேன். அவர் தன் லேத் ஷாப்பைப் பூட்டிவிட்டு வருவார். டிபன் சாப்பிட்டதும் தட்டை எடுத்துவிட்டு அதே மேஜையில் கட்டைகளைக் கொட்டுவோம். அவர்தான் அதிகம் ஜெயிப்பார். நான் பத்துக்கு மூன்று நான்கு ஜெயிப்பேன். அந்த மூன்று நான்கும் எனக்கு அவ்வளவு ருசிக்கும்.

போன வருஷம் சித்திரையில் எனக்கு உதிரப்போக்கு ஆரம்பித்தது. மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆனபிறகு வந்த உதிரப்போக்கு. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது என்றார் டாக்டரம்மா. எடுத்தார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். ரிசல்ட் வந்த அன்றைக்கு மூன்று பேரும் போனோம். எங்களை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் நர்ஸ் என்னிடம், "அம்மா, நீங்க வாங்க, எடை பாத்துரலாம்" என்று வேறு அறைக்கு அழைத்துப் போனாள். எடை பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், மறுபடியும் பிரஷர் பார்த்தாள், தையலைப் பார்த்தாள். நான் திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரரும் மகளும் டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"எல்லாம் நல்லாருக்குதாம்" என்றார் அவர். "உள்ளுக்குள்ள புண்ணு ஆறறதுக்குக் கொஞ்ச நாள் கரண்ட் வைக்கோணுமாம். அவ்வளவுதான்."

தோள்பட்டை பிடித்துக்கொண்டபோது எனக்குக் கரண்ட் வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரி ஏதோ என்று நினைத்தேன். டாக்டரம்மாவை நானே ஒரு வார்த்தை பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். "அடுத்த பேஷண்ட் உள்ள போயிட்டாங்கம்மா" என்று மகள் என் கையைப் பிடித்து லிஃப்டுக்குக் கூட்டிப்போனாள். என் கர்ப்பப்பை, என் ரிசல்ட். அதைக் கேட்கப் போன இடத்தில் நான் எடை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வீடு மாறிப்போனது. சரவணம்பட்டியில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற மகள், வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிவிட்டதாகச் சொன்னாள். தினமும் மாதுளம்பழம் வந்தது. தாராபுரத்திலிருந்து என் அக்கா நாட்டுக்கோழியோடு வந்து இறங்கினாள். ஒரு சீர் விஷயத்தில் சண்டை போட்டு வருஷக்கணக்கில் என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள். வந்தவள் சமையலறையில் நின்று என் பாத்திரங்களையெல்லாம் கழுவிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல கண்ணு" என்றாள். அக்கா என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதே கிடையாது.

இதைவிடப் பெரிய மாற்றம் மகளின் கல்யாண விஷயத்தில். தை மாதம் என்று பேசி மண்டபமெல்லாம் பார்த்து வைத்திருந்தோம். திடீரென்று ஆவணியில் நல்ல முகூர்த்தம் இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டிலும் சரியென்று சொல்லிவிட்டார்கள் என்று வந்து நின்றார்கள். "இப்பவே ஆனி மாசம். ஆவணிக்குள்ள எப்படிங்க துணி எடுக்கறது, பத்திரிகை அடிக்கறது?" என்று கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீ ரெஸ்ட் எடு" என்றார்கள். எதைக் கேட்டாலும் அந்த ஒரே பதில், ரெஸ்ட் எடு. ஆபரேஷன் செய்த உடம்பு என்று கரிசனப்படுகிறார்கள் என்று நினைத்துச் சும்மா இருந்தேன்.

டாமினோ மட்டும் நிற்கவில்லை. நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். முதல் நாள் ஜெயித்தேன், மறுநாளும் ஜெயித்தேன். வாரம் முழுக்க ஜெயித்தேன். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலைக்குப் போகாமல் வீட்டிலிருப்பதால் மூளை தெளிந்துவிட்டது என்று அவரிடமே பெருமை பேசினேன். அவர் சிரித்தார். ஒன்று மட்டும் உறுத்தியது. மேஜையில் சத்தமே இல்லை. கட்டையைக் கண்ணாடி டம்ளரை வைப்பதுபோல அவ்வளவு மெதுவாக வைத்தார்.

பிறகு ஒருநாள், இரண்டு முனையில் ஒன்று மூன்றாக இருந்தபோது பாஸ் சொன்னார். இரண்டு கட்டை தள்ளி, அதே மூன்றில் மூன்று-நாலை வைத்தார். "இப்பத்தானே இல்லீன்னீங்க?" என்றேன். "அட, சரியாப் பாக்கல. கண்ணாடி மாத்தோணும்" என்றார். லேத்தில் மயிரிழை பிசகைக் கண்டுபிடிக்கிறவருக்கு மூன்று புள்ளி தெரியவில்லையாம். அன்றைக்கு அதோடு விட்டுவிட்டேன். ஆனால் கவனிக்க ஆரம்பித்தேன். பம்ப்செட் கம்பெனியில் என் வேலையே அதுதான். உருப்படி சரியாக இருக்கிற மாதிரி தெரிந்தாலும் கேஜை எடுத்து அளந்து பார்க்க வேண்டும். இப்போது பார்த்தால், ஆட்டம் முடிந்ததும் தன் கையில் மிஞ்சிய கட்டைகளை அவர் திருப்பிக் காட்டுவதே இல்லை. "பதினாலு, எழுதிக்கோ" என்று சொல்லிக்கொண்டே கவிழ்த்தபடி மற்றக் கட்டைகளோடு கலந்துவிடுகிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வெயில் இன்னும் இருந்தது, ஜன்னல் திரையை நான்தான் இழுத்துவிட்டேன். ஆட்டம் முடிகிற தறுவாயில், வேண்டுமென்றே, இரண்டு முனையையும் அஞ்சாக்கினேன். அவர் தன் கையைப் பார்த்தார். "பாஸ்" என்றார். நான் அஞ்சு-ஆறை வைத்தேன். இன்னொரு முனை அப்போதும் அஞ்சுதான். மறுபடியும் "பாஸ்". என் கடைசிக் கட்டையை வைத்து முடித்தேன்.

"பதினொண்ணு" என்று சொல்லியபடி அவர் கட்டைகளை அள்ளப் போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"கையை எடுங்க."

"எதுக்கு அம்மணி?"

"எடுங்கங்கறேன்."

எடுத்தார். நான் அந்த இரண்டு கட்டைகளையும் திருப்பினேன். ஒன்று ரெண்டு-வெற்று. இன்னொன்று அஞ்சு-நாலு.

"இது என்னங்க?"

அவர் கட்டைகளைத் திரும்பவும் கவிழ்க்கப் பார்த்தார்.

"ரெண்டு முனையும் அஞ்சு. ரெண்டு தடவை பாஸ் சொன்னீங்க. அஞ்சைக் கையில வெச்சுக்கிட்டு. எத்தனை நாளா இப்படி?"

"விடு அம்மணி. விளையாட்டுத்தானே."

"பெத்த புள்ள அழுதப்பவே விட்டுக்குடுக்காத ஆளு நீங்க. எனக்கு எதுக்குங்க விட்டுக்குடுத்தீங்க?"

அவர் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார். திறந்து மூடினார். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே, "சரி, ஜெயிச்சுட்டுப் போகட்டும்னு..." என்றார்.

நாம் எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தைதான். விட்டுத்தள்ளு என்பதற்குச் சொல்வோம், குழந்தைகளுக்குச் சொல்வோம். ஆனால் சொன்ன உடனே அவர் முகம் வெளுத்தது. அந்த வார்த்தை எந்த இடத்தில் போய் விழுந்தது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

"எங்கீங்க போகட்டும்?" என்றேன். "எங்க போறேன் நானு?"

மாதுளம்பழம், நாட்டுக்கோழி, பாத்திரம் கழுவிய அக்கா, ஆவணி முகூர்த்தம், இரண்டு முறை பார்த்த பிரஷர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. நான் சத்தம் போட்டிருக்க வேண்டும், மகள் அறையிலிருந்து ஹெட்போனைக் கழற்றியபடி ஓடிவந்தாள்.

"எனக்கு என்ன வந்திருக்குது? நீ சொல்லு கண்ணு. உங்கப்பா பாஸ் சொல்லிப்போட்டாரு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை. "கேன்சர்ம்மா" என்றாள்.

பயம் அப்புறம் வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றபோது வந்தது. ஆனால் அந்த நேரத்தில் வந்தது கோபம்தான். வாழ்க்கையில் அதற்கு முன்னால் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. "யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டேன். அவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அக்காவுக்குத் தெரியும், கொழுந்தனாருக்குத் தெரியும். சம்பந்தி வீட்டில் சொல்லித்தான் தேதியை மாற்றியிருக்கிறார்கள். ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். கீழ்வீட்டம்மாவுக்கும் தெரியும். வயிற்றுக்குள் இருந்த சங்கதி என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அத்தனை பேரும் வந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"டாக்டர்தான் சொல்ல வேண்டாம்னாங்க. பேஷண்ட் மனசு விட்டுருவாங்கன்னாங்க" என்றார் வீட்டுக்காரர்.

"அப்போ கரண்ட் வைக்கப் போற அன்னைக்கு என்ன சொல்றதா இருந்தீங்க?"

நான் கட்டைகளைப் பெட்டியில் போட்டு, பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

காலையில் யாரிடமும் சொல்லவில்லை. டவுன் பஸ் ஏறிக் காந்திபுரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டோக்கன் கொடுக்கிற பெண், "கூட யாரும் வரலீங்களா?" என்று கேட்டாள். "வரலீங்க" என்றேன். நர்ஸும் அதையே கேட்டாள். டாக்டரம்மாவும் என் தலைக்கு மேலே கதவைப் பார்த்து, "சார் வரலீங்களா?" என்றார்.

"நோய் எனக்குத்தானுங்க. நான் வந்திருக்கேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். பிறகு கம்ப்யூட்டரில் என் விவரங்களைத் திறந்தார்.

"எங்கிட்ட ஏனுங்க சொல்லலை?" என்று கேட்டேன்.

"உங்க பொண்ணுதாங்க ரொம்பக் கேட்டுக்கிட்டாங்க, அம்மாகிட்ட சொல்லிராதீங்கன்னு. இங்க பெரும்பாலும் குடும்பத்துல அப்படித்தான் கேப்பாங்க. நாங்களும் அவங்க சொல்றபடி விட்டுருவோம்."

டாக்டர் சொல்ல வேண்டாம் என்றாராம், அது வீட்டில் சொன்னது. வீட்டில்தான் சொல்ல வேண்டாம் என்றார்களாம், இது டாக்டர் சொல்வது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நடுவில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். "நீங்க ஒரு பொம்பளை. நானும் ஒரு பொம்பளை. உங்க வயித்துல இருக்கறதை உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி, உங்களை எடை பாக்க அனுப்புனா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். டாக்டரம்மா அவளைப் போகச் சொன்னார்.

"தப்புதாங்க" என்றார். அவரை எனக்கு இன்னும் பிடிக்காது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வெள்ளைத்தாளில் கர்ப்பப்பையின் படம் வரைந்து எல்லாவற்றையும் விளக்கினார். கட்டி கர்ப்பப்பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. சுவரில் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருக்கிறது, அதைத் தாண்டி வெளியே போகவில்லை. கர்ப்பப்பையை முழுதாக எடுத்தாயிற்று. திரும்ப வராமல் இருக்க ரேடியேஷன் கொடுத்தால் நல்லது, வீட்டில் கரண்ட் என்று சொன்னது இதைத்தான். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வேறு எங்காவது இருக்கிறதா, முடி கொட்டுமா, வேலைக்குப் போகலாமா, எத்தனை வருஷம் பார்க்க வேண்டும். கடைசியாக, "நான் பொழைப்பனுங்களா?" என்று கேட்டேன்.

"இந்த நிலைமையில வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க நல்லா இருக்காங்க. இதைத்தான் நான் சாருகிட்டயும் சொன்னேன்."

பஸ்ஸில் வரும்போது அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் மென்றுகொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். அவர் ஷாப்புக்குப் போகாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். போனில் இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பார், நான் எடுக்கவில்லை.

"வெளிய பரவலைன்னு டாக்டர் சொன்னாங்களா இல்லீங்களா?"

"என்னமோ சொன்னாங்க."

"பெரும்பாலும் நல்லா இருப்பாங்கன்னு?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் சொன்னாள்: "அம்மா, அந்த வார்த்தையைச் சொன்னதுக்கப்புறம் அவங்க என்ன பேசுனாங்கன்னே எனக்கு ஞாபகமில்லை. அப்பா அழுதுட்டிருந்தாரு."

ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டு படித்த ஆட்கள், ஒரு ஒற்றை வார்த்தையைக் கேட்டு, காது அடைத்துப்போய், எழுந்து வந்து எனக்குக் காரியம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். முகூர்த்தத்தை முன்னால் இழுத்தார்கள், சொந்தக்காரர்களை வரவழைத்து முகம் பார்க்க வைத்தார்கள், ஆட்டத்தில் ஜெயிக்க வைத்தார்கள். நான் அந்த அறைக்குள் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். கேட்டால் பதில் கிடைத்திருக்கும். என் மேல் இருந்த பாசத்தால் என்னை உயிரோடு இருக்கும்போதே வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"கல்யாணம் தையிலதான்" என்றேன். "சம்பந்தி ஊட்டுக்கு நானே போன் பண்றேன்."

"அம்மா, நீங்க பாக்கணும்னுதான்..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"தையிலயும் பாப்பேன். அடுத்த தையிலயும் இருப்பேன். இல்லாமப் போனா அன்னைக்கு அழு. இப்பப் போய் ஆபீஸ் வேலையைப் பாரு."

அவள் அழுதாள். நான் சமாதானப்படுத்தப் போகவில்லை. அன்றே மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்தேன். அந்தம்மா, "உங்களுக்கு உடம்பு முடியலைன்னு சொன்னாங்களேங்க..." என்று இழுத்தார். "கேன்சருங்க. கர்ப்பப்பையில இருந்துது, எடுத்தாச்சு. கரண்ட் வெச்சா முடிஞ்சுதுங்க. தையில முதல்ல பேசுன தேதிக்கே வெச்சுக்கலாமுங்களா?" என்றேன். மறுமுனையில் யாரையோ கூப்பிட்டுப் பேசுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "அதுவே நல்லதுங்க, எங்களுக்கும் அதுதான் சவுரியம்" என்றார்.

ரேடியேஷன் ஆரம்பித்தது. அவர் தினமும் ஷாப்பை மதியம்வரை பூட்டிவைத்து என்னை வண்டியில் கூட்டிப்போனார். போகும்போதும் பேசமாட்டேன், வரும்போதும் பேசமாட்டேன். வயிறு கெட்டது, சாப்பாடு இறங்கவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வரவில்லை. அவர் இஞ்சி தட்டிப்போட்டு மோர் கலக்கிக் கொடுத்தார், கஞ்சி வைத்தார். எல்லாவற்றையும் வாங்கிக் குடித்தேன், நன்றி சொல்லவில்லை. ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னும் எத்தனை நாளைக்கு அம்மணி இப்படி?" என்று கேட்டார். "தெரியாதுங்க" என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. நல்ல எண்ணத்தில் செய்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அது தெரியும். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் சண்டை போட்டு இறக்கியிருக்கலாம். இதை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

சிகிச்சை பாதி தாண்டிய பிறகு ஒரு சாயங்காலம் நானே பெட்டியைக் கீழே இறக்கினேன். சும்மா படுத்துப் படுத்து அலுத்துப்போயிருந்தது. "ஒவ்வொரு சுத்தும் முடிஞ்சதும் ரெண்டு பேரும் திருப்பிக் காட்டோணும்" என்றேன். சரியென்றார். முதல் இரண்டு சுற்றும் அவர் ஆடியது ஆட்டமாகவே இல்லை. பொய் பாஸ் சொல்லவில்லை, ஆனால் என்னை அடைக்க வேண்டிய இடத்திலெல்லாம் திறந்துவிட்டார். தான் ஜெயித்தால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. "ஏனுங்க, நான் தோத்தா செத்துப்போவனா?" என்று கத்தினேன். அவர் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடினார். அன்றைக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு என்று என்னைத் துவைத்து எடுத்தார். தோற்றதில் எனக்கு எரிச்சலான எரிச்சல். ஆனால் பல நாளைக்குப் பிறகு ஒரு தோசை முழுதாக இறங்கியது.

அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இப்போதும் அவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்ப் பேசினால் நான் பின்னாலேயே போய் நிற்கிறேன். மகள், "ஒண்ணுமில்லம்மா" என்றால் விடாமல் குடைந்து கேட்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப். இதுவரைக்கும் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் டாக்டரின் அறைக்குள் நான்தான் முதலில் நுழைகிறேன். அவர் பின்னால் வந்து, சுவரோரமாக இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார்.

கல்யாணம் பேசியபடி தையில் நடந்தது. நானே போய்த் துணி எடுத்தேன், நானே பத்திரிகை வைத்தேன். பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் கொஞ்சம் பேர் என்னைத் தொட்டுப் பார்த்தார்கள். மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது தாராபுரத்துச் சொந்தக்காரர் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் வந்தார். நான் இரண்டடி தள்ளி நின்று மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாயசம் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் குரலைத் தாழ்த்தி, "அவங்களுக்கு இப்ப எப்படீங்க இருக்குது?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர், "அம்மணி இங்கதானுங்க நிக்குது. அதுகிட்டயே கேளுங்க" என்றார்.

அந்த மனுஷனுக்குச் சங்கடமாகிவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். என்ன கேட்பதென்று தெரியாமல் வேட்டியைச் சரிசெய்தார். நான் காத்திருந்தேன். "நல்லா இருக்கீங்களா?" என்று கடைசியில் கேட்டார். கர்ப்பப்பையிலிருந்து ஆரம்பித்து ரேடியேஷன், செக்கப் வரைக்கும் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், அவர் இலையில் வைத்த சோறு ஆறிப்போயிருக்கும்.